பிணத்தை யார் எடுப்பது?

வெட்டுப்பட்ட படங்கள் – வரலாற்றுத் தொடர்: பகுதி 9

சென்ற வாரம் அமெரிக்காவில் நிறுத்தியிருந்தோம். 1969 ஜனவரியில் வந்த ஃபிலிப் ராத்தின் ‘போர்ட்னாய்ஸ் கம்ப்ளெயின்ட்’ நாவல் நினைவிருக்கும். அலெக்சாண்டர் போர்ட்னாய் என்ற யூத வாலிபன் மனநல மருத்துவர் முன்னால் படுத்துக்கொண்டு அம்மா, ஆசாரம், காமம், குற்றவுணர்வு என்று மூச்சுவிடாமல் புலம்பித் தீர்க்கிற கதை. ஊரே சிரித்தது. யூத சமூகத்துக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. யூத மெய்ஞ்ஞான மரபை ஆராய்ந்த பேரறிஞர் கெர்ஷோம் ஷோலெம், யூதரை வெறுப்பவர்கள் காத்துக்கிடந்த புத்தகம் இதுதான் என்ற அளவுக்குப் போனார். ஆஸ்திரேலியா அதைத் தடை செய்தது, பெங்குவின் நிறுவனம் ரகசியமாக அச்சடித்து விற்றது, வழக்குகள் நடந்தன.

1972இல் எர்னஸ்ட் லேமன் அதைப் படமாக்கினார். ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’கின் திரைக்கதை எழுதிய கை. ஆனாலும் படம் விழுந்தது. ஒரு மனிதன் தன் மண்டைக்குள் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் கேமராவால் பிடிக்க முடியவில்லை. லேமன் அதற்குப் பிறகு இயக்குநர் நாற்காலியில் உட்காரவே இல்லை.

தன் சொந்தச் சாதியின் மானத்தை வாங்குகிற ஒரு கதையை, அதுவும் உள்ளுக்குள்ளேயே குமைகிற ஒருவனின் கதையைத் திரைக்குக் கொண்டுவர முடியுமா? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு முடித்தேன்.

முடியும். லேமனுக்கு இரண்டு ஆண்டு முன்பே ஒரு கூட்டம் அதைச் செய்து முடித்துவிட்டிருந்தது. படம் எடுத்தது நம் கர்நாடகத்து மலைநாட்டில். திட்டம் போட்டது மெட்ராஸில். தடை விழுந்ததும் மெட்ராஸில்தான்.

*

பர்மிங்ஹாமில் ஒரு சினிமா

1960களின் நடுப்பகுதி. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார் யு.ஆர். அனந்தமூர்த்தி. தீர்த்தஹள்ளிப் பக்கம் மேளிகே கிராமத்தில் 1932இல் பிறந்தவர், மாத்வ பிராமணர், மணந்துகொண்டது எஸ்தர் என்ற கிறிஸ்தவப் பெண்ணை. சாதி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அவருடைய ஆசிரியர் நாவலாசிரியர் மால்கம் பிராட்பரி. இருவரும் ஒருநாள் இங்மர் பெர்க்மனின் ‘செவன்த் சீல்’ படத்துக்குப் போனார்கள். ஸ்வீடிஷ் படம். அடியில் ஆங்கில வரிகள் கிடையாது. கொள்ளைநோய், பிணங்கள், கடவுள் இருக்கிறாரா என்று தவிக்கும் ஒரு வீரன். பாஷை புரியாமலே அனந்தமூர்த்திக்கு எல்லாம் புரிந்தது.

வெளியே வந்ததும் பிராட்பரியிடம் சொன்னார்: ஐரோப்பியருக்கு இடைக்காலம் என்பது புத்தகத்தில் படித்துக் கற்பனை செய்ய வேண்டிய ஒன்று, எங்களுக்கு அது பக்கத்துத் தெருவில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அதை எழுதேன் என்றார் பிராட்பரி.

எழுதினார். 1965இல் தார்வாடின் மனோகர கிரந்தமாலா வெளியிட்டது. நாவலின் பெயர் ‘சம்ஸ்காரா’.

*

துர்வாசபுரத்து வெயில்

கதை படு எளிமையானது. துர்வாசபுரம் என்ற மாத்வ அக்ரகாரம். அங்கே நாரணப்பா என்ற பிராமணன் செத்துப்போகிறான். ஷிமோகா போய்வந்தவன் காய்ச்சலோடு திரும்பி, படுத்த படுக்கையாய்ப் போனான். சாராயம் குடித்தவன், மாமிசம் தின்றவன், கோயில் குளத்தில் மீன் பிடித்தவன், கட்டிய மனைவியை விட்டுவிட்டு சந்திரி என்ற தாழ்ந்த சாதிப் பெண்ணோடு வாழ்ந்தவன். அவனைச் சாதியிலிருந்து விலக்கி வைத்திருக்கலாமே என்றால், விலக்கினால் முஸ்லிமாகி இதே தெருவில் குடியிருப்பேன் என்று மிரட்டி வைத்திருந்தான். அதனால் விலக்கவில்லை. அவன் சாகும்போதும் பிராமணன்தான்.

இப்போது சிக்கல். பிராமணப் பிணத்தைப் பிராமணன்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் அந்தப் பாவம் ஒட்டும். எடுக்காவிட்டால் தெருவில் ஒருவரும் சாப்பிடக் கூடாது. வெயிலில் பிணம் அழுகுகிறது, வயிறு எரிகிறது.

இங்கேதான் அனந்தமூர்த்தி தன் குறும்பைக் காட்டுகிறார். சந்திரி தன் நகைகளையெல்லாம் கழற்றி, அக்ரகாரத்துப் பண்டிதர் பிராணேசாச்சாரியார் வீட்டு முற்றத்தில் வைக்கிறாள்: காரியத்துக்குச் செலவாகட்டும் என்று. அதுவரை “நான் தொடமாட்டேன், நீ தொடு” என்று ஒதுங்கி நின்ற ஆட்கள் அந்தத் தங்கத்தைப் பார்த்த நொடியில் மாறிப்போகிறார்கள். பாவம் என்று ஒதுக்கிய காரியத்துக்கு இப்போது போட்டி. கருடன் முந்துகிறானா, லட்சுமணன் முந்துகிறானா என்று வீட்டுக்கு வீடு ரகசிய ஆலோசனை. மனைவிமார் கணவன்மாரைக் கிள்ளுகிறார்கள். பட்டினி தாங்காத தாசாச்சாரி பக்கத்து ஊர் ஸ்மார்த்தர் வீட்டில் யாருக்கும் தெரியாமல் பலகாரம் தின்கிறான். உண்மையில் சிரிப்புக் கதை இது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய சிரிப்பு.

சிரிக்காதவர் ஒரே ஒருவர்: பிராணேசாச்சாரியார். காசியில் படித்த பண்டிதர். நோயாளி மனைவிக்குப் பணிவிடை செய்வதையே தவமாக்கிக்கொண்டவர். ஓலைச்சுவடிகளைப் புரட்டுகிறார், விடை இல்லை. மாருதி கோயிலில் பகலெல்லாம் உட்கார்ந்து பூ விழுமா என்று பார்க்கிறார், விழவில்லை. இருட்டில் காட்டு வழியே திரும்பும்போது எதிரே சந்திரி. அவர் மேல் இரக்கப்பட்டுக் காலைத் தொடுகிறாள். நள்ளிரவில் அவர் கண்விழிக்கும்போது தலை அவள் மடியில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த மனிதர் தனக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறார். நான் யார், இத்தனை நாள் யாராக நடித்தேன், இதை ஊரிடம் சொல்வதா வேண்டாமா? போர்ட்னாய் வாய் ஓயாமல் கொட்டியதை ஆச்சாரியார் வாய் திறக்காமல் மென்று விழுங்குகிறார். இரண்டு பேருக்கும் பிடித்திருப்பது ஒரே நோய்.

*

தங்கவயலிலிருந்து ஒரு கேள்வி

இந்தக் கதையை எங்கள் கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் லைன் வீடு ஒன்றில் திண்ணையில் உட்கார்ந்து ஒரு பெரியவருக்குச் சொன்னேன். சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை பார்த்து ஓய்ந்தவர். பொறுமையாகக் கேட்டார். நான் எதிர்பார்த்த இடத்தில் சிரித்தார். கடைசியில் கேட்டார்:

“ஒரு அய்யர் பொணத்த எடுக்க ஆளில்லன்னு ஊரே பட்டினி கெடந்துச்சுன்ற. சரி தம்பி. அதே காய்ச்சல் சேரிக்கும் வந்திருக்குமே. அங்க செத்தவங்கள யாரு எடுத்தது?”

நாவலில் அதற்கு விடை இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை. அக்ரகாரத்துக்கு வெளியே சேரியிலும் ஆட்கள் செத்து விழுகிறார்கள். பிணத்தோடு சேர்த்துக் குடிசைக்கு நெருப்பு வைத்துவிடுகிறார்கள். அந்தச் சாவுக்குச் சாஸ்திரம் புரட்டுவாரில்லை. அனந்தமூர்த்தி தன் சிறுவயது ஊரையே நினைவுகூர்ந்து இதை எழுதியிருக்கிறார்: பிளேக் வந்தபோது ஊசி போட வந்த டாக்டர் சேரிப் பக்கம் போகவில்லை, அங்கே ஒவ்வொருவராகச் செத்தார்கள், குடிசைகள் எரிந்தன. நாரணப்பாவின் பிணத்தைச் சுற்றி நடந்த கூத்துக்கு நடுவே, தூரத்தில் தெரியும் அந்த நெருப்பை நாவல் இரண்டொரு வரியில் காட்டிவிட்டு நகர்கிறது. கண்டித்தவர்களும் கொண்டாடியவர்களும் அந்த வரிகளைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

நாரணப்பாவின் பிணத்துக்கும் கடைசியில் பிராமணன் வரவில்லை என்பது வேறு கதை. சந்திரி, அகமது பாரி என்ற மீன் வியாபாரியை அழைத்துவந்து, ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் ஏற்றி எரித்துவிடுகிறாள். அக்ரகாரத்துக்கு அது தெரியாது. எரிந்துபோன பிணத்துக்கு வழி கேட்டு அவர்கள் மடத்துக்கு நடக்கிறார்கள்!

தங்கவயலில் இருந்துகொண்டு இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘சம்ஸ்காரா’ அச்சேறுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே பிராமண வேஷத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட எழுத்துகளை இந்தச் சுரங்க ஊர் வாசித்துக்கொண்டிருந்தது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து மண்வெட்டியோடு வந்து குடியேறிய எங்கள் தாத்தாக்களின் ஊர் இது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் மெட்ராஸில் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழுக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வாசகர்கள் இருந்தார்கள். பௌத்த சங்கக் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914இல் மறைந்த பிறகு, அந்தத் ‘தமிழன்’ அப்பாதுரையாரின் கையில் இங்கிருந்தே மறுபடி வெளிவந்தது. பண்டிதரின் ‘வேஷ பிராமணர்’ என்ற சொல் எங்கள் ஊரில் அன்றாடப் பேச்சு.

அந்த எழுத்துக்கு எந்த அக்ரகாரமும் ‘சம்ஸ்காரா’வுக்குத் துடித்ததுபோல் துடித்ததாகத் தெரியவில்லை. வெளியே நிற்பவன் திட்டினால் அது வெறும் சத்தம், கதவைச் சாத்திக்கொள்ளலாம். காசியில் படித்த ஆச்சாரியார், நகைக்கு நாக்கைத் தொங்கவிடும் கருடன், திருட்டுத்தனமாகத் தின்னும் தாசாச்சாரி என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒருவன் எழுதினால்? அதுவும் பெயர், மடம், உட்பிரிவு எல்லாம் பிசகாமல்? ராத்தின் மீது ரபிகளுக்கு வந்த கோபமும், அனந்தமூர்த்தி மீது மாத்வர்களுக்கு வந்த கோபமும் பிறந்த இடம் ஒன்றுதான் என்பது என் கணிப்பு.

*

மெட்ராஸில் கூடிய கூட்டம்

இனி கதை மெட்ராஸுக்கு வருகிறது.

1963 முதல் கிரீஷ் கர்னாட் ஆக்ஸ்ஃபோர்டு யுனிவர்சிட்டி பிரஸ்ஸின் மெட்ராஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பகலில் பதிப்பக வேலை, மாலையில் ‘மெட்ராஸ் பிளேயர்ஸ்’ நாடகக் குழு. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஸ்நேகலதா. அவருடைய கணவர் பட்டாபிராம ரெட்டி.

பட்டாபியைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி எழுதலாம். நெல்லூர்க்காரர். இருபது வயதில் ‘ஃபிடேலு ராகால டஜன்’ என்று ஒரு தொகுப்பைப் போட்டுத் தெலுங்குக் கவிதையின் இலக்கணத்தை உடைத்தவர். அப்புறம் சினிமா. ‘பெள்ளிநாட்டி பிரமாணாலு’ போன்ற வெற்றிப் படங்களைத் தயாரித்தவர். பணம் பண்ணத் தெரிந்த கவிஞர் என்பது அபூர்வப் பிறவி. அந்தப் பணத்தை எதில் விடுவது என்பதில்தான் அவருடைய சாமர்த்தியம் தனி.

கணவன் மனைவி இருவரும் ராம் மனோகர் லோகியாவின் சோஷலிசத்தில் ஊறியவர்கள். அனந்தமூர்த்தியும் அதே பக்கம். நாரணப்பாவாக நடித்த பி. லங்கேஷும் அதே பக்கம். சாதியை ஒழிக்காமல் சோஷலிசம் இல்லை என்பது லோகியாவின் வாதம். இந்தப் படத்துக்குப் பின்னால் ஓடிய நூல் இதுதான். வாசகர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாவல் கர்னாட் வழியாகப் பட்டாபியின் கைக்கு வந்தது. இயக்கம் பட்டாபி. திரைக்கதை கர்னாட். பிராணேசாச்சாரியாரும் அவரே; அதுவரை அவர் கேமரா முன்னால் நின்றதில்லை. சந்திரி, ஸ்நேகலதா. கலை, சோழமண்டலம் ஓவியர் கிராமத்து எஸ்.ஜி. வாசுதேவ். இசை, சரோத் கலைஞர் ராஜீவ் தாராநாத். பட்டாபிக்குத் துணையாக நின்றவர் சிங்கீதம் சீனிவாசராவ். ஆமாம், பின்னாளில் நமக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ கொடுத்த அதே சிங்கீதம்!

கேமரா? அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த டாம் கவன். போர்ட்னாய் புத்தகத்தை வைத்து ஒரு தேசமே நீதிமன்றம் ஏறிய காலத்தில், அந்தத் தேசத்துக்காரர் ஒருவர் சிருங்கேரிப் பக்கம் அக்ரகாரத்துக் கூரைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

*

வைகுண்டபுரம்

சிருங்கேரிக்கு அருகே வைகுண்டபுரம் என்ற சிற்றூர். படம் முழுக்க அங்கேதான். செலவு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டவில்லை.

அந்தக் காலக் கன்னட சினிமா எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் மெட்ராஸ் ஸ்டுடியோ செட்டுகளில் எடுத்து, பாட்டும் சண்டையும் கலந்து பெட்டியில் அடைத்து பெங்களூருக்கு அனுப்புவார்கள். ‘சம்ஸ்காரா’வில் பாட்டு கிடையாது. செட் கிடையாது. நிஜத் தெரு, நிஜ வெளிச்சம், கறுப்பு வெள்ளை. முகத்தில் பவுடர் அப்பிய கதாநாயகன் இல்லை. சவரம் செய்யாத மனிதர்கள் திண்ணையில் குந்திப் பசியோடு ஒருவரையொருவர் வேவு பார்க்கிறார்கள்.

லேமன் தோற்ற இடத்தில் இவர்கள் எப்படித் தப்பினார்கள்? என் பார்வையில், ஆச்சாரியாரின் மண்டைக்குள் கேமராவை நுழைக்க இவர்கள் மெனக்கெடவே இல்லை. நாவலின் பிற்பாதி முழுக்க ஆச்சாரியாரின் மனப் புலம்பல்தான். படத்தில் அவர் நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். கூடவே தொற்றிக்கொண்டு தொணதொணக்கும் புட்டன் பேசுகிறான். ஆச்சாரியார் திருவிழாக் கூட்டத்தில் யாராவது தன்னை அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று கூசி நிற்கிறார். அந்தக் கூச்சம் கர்னாடின் தோளில், கழுத்தில் தெரிகிறது. முதல்முறை நடிப்பவருக்கு இயல்பாகவே இருக்கக்கூடிய விறைப்பு அந்தப் பாத்திரத்துக்கு வரமாகப் போனது என்று சொன்னால் கர்னாட் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

*

கத்தரி

படம் முடிந்தது. தணிக்கைக்குப் போக வேண்டும்.

தென்னிந்தியப் படங்களுக்குத் தணிக்கை மண்டல அலுவலகம் மெட்ராஸில் இருந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் எல்லாம் ஒரே வாசல். மலைநாட்டு அக்ரகாரம் பற்றிய கன்னடப் படத்தின் தலையெழுத்தும் அங்கேதான் எழுதப்பட்டது.

காலத்தையும் கவனியுங்கள். தணிக்கை முறையை ஆராய்ந்த கோஸ்லா குழு 1969இல்தான் அறிக்கை கொடுத்திருந்தது. கலைஞனுக்கு இன்னும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். கே.ஏ. அப்பாஸ், சினிமாவுக்கு முன்தணிக்கையே கூடாது என்று உச்ச நீதிமன்றம் போயிருந்தார். 1970 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது: முன்தணிக்கை செல்லும். மற்றக் கலைகளைவிட சினிமா மனிதனை ஆழமாக உலுக்கும், அதனால் அதைத் தனியாக நடத்தலாம் என்றது நீதிமன்றம்.

அந்த ஆண்டுகளில்தான் மெட்ராஸ் தணிக்கை அலுவலகம் ‘சம்ஸ்காரா’வுக்குச் சான்றிதழ் மறுத்தது. வெட்டும் இல்லை, ஒட்டும் இல்லை. முழுத் தடை. படத்தின் சாதி எதிர்ப்பு மக்களிடையே கொந்தளிப்பைக் கிளப்பிவிடும் என்ற அச்சமே காரணம்.

எந்த மெட்ராஸ் இது? தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியார் மேடைக்கு மேடை ஏறிக்கொண்டிருந்த மெட்ராஸ். 1967இலேயே திராவிட இயக்கம் கோட்டையைப் பிடித்துவிட்ட மெட்ராஸ். தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துத் தினம் பேசப்பட்டதில் பத்தில் ஒரு பங்கு காரம்கூட இந்தப் படத்தில் கிடையாது. தணிக்கை அலுவலகம் மத்திய அரசுடையது, மாநில அரசுக்கு அதில் கை இல்லை என்பது சரிதான். ஆனாலும் அந்த ஊர்க் காற்றில் உட்கார்ந்துகொண்டு இந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தது எப்படி என்று யோசித்தால் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். பெரியார் பேசினால் அது பெரியார் பேச்சு. பிராணேசாச்சாரியார் வாயடைத்து நின்றால், அது யாருடைய பேச்சு?

பட்டாபி விடவில்லை. விவகாரம் டில்லிக்குப் போனது. கடைசியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தலையிட்டுத் தடையை நீக்கியது.

அதோடு நிற்கவில்லை. 1970ஆம் ஆண்டின் சிறந்த இந்தியப் படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் ‘சம்ஸ்காரா’வுக்குக் கிடைத்தது. கன்னடப் படம் ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. ஒரே அரசாங்கத்தின் ஒரு கை தடுத்த படத்துக்கு இன்னொரு கை தங்கம் கொடுத்தது. 1972இல் லோகார்னோ விழாவிலும் பரிசு. ஹாலிவுட்டில் லேமனின் படம் சுருண்டதும் அதே ஆண்டுதான்.

கர்னாட் அடுத்தடுத்துப் படங்கள், லங்கேஷ் பத்திரிகை, அனந்தமூர்த்தி ஞானபீடம் என்று அவரவர் வழியில் போனார்கள். கன்னடத்தில் புதிய சினிமா என்று ஓர் அலையே கிளம்பியது. கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

*

மே 2, 1976

லோகியா என்ற நூலை மனதில் வைக்கச் சொன்னேன் அல்லவா?

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. லோகியாவின் சீடர்களில் ஒருவரான ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் தலைமறைவானார். தண்டவாளங்களையும் பாலங்களையும் வெடி வைத்துத் தகர்க்கச் சதி செய்ததாக அவர் மீது பரோடா டைனமைட் வழக்கு பாய்ந்தது. டைனமைட் என்றால் தங்கவயல்காரனுக்கு அது ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் பாறை உடைத்த சாமான். டில்லிக்கு அது ராஜதுரோகம்.

1976 மே 2. அந்த வழக்கின் பேரில் பெங்களூரில் ஸ்நேகலதா கைது செய்யப்பட்டார். சந்திரியாக நடித்தவர்; சில ஆண்டுகளுக்கு முன்தான் தேசத்தின் தங்கப் பதக்கம் வாங்கிய படத்தின் முகம். விசாரணை இல்லாமல் பெங்களூர் மத்திய சிறையில் அடைத்தார்கள். கடுமையான ஆஸ்துமா நோயாளி. எட்டு மாதத்துக்கு மேல் உள்ளேயே இருந்தார். உடம்பு முற்றிலும் ஒடிந்த பிறகு 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விட்டார்கள். ஐந்தாம் நாள், ஜனவரி 20 அன்று, இறந்துபோனார்.

டைனமைட் வழக்கின் குற்றப்பத்திரிகையில் ஜார்ஜ் ஃபெர்னாண்டஸோடு இருபத்துநான்கு பேரின் பெயர் இருந்தது. ஸ்நேகலதாவின் பெயர் அதில் இல்லை.

அப்படியானால் அந்த எட்டு மாதமும் அவரிடமிருந்து அவர்கள் தெரிந்துகொள்ளத் துடித்தது என்ன? அவருக்கு உண்மையில் என்ன தெரிந்திருந்தது?

(அடுத்த வாரம்)